சாமான் ஒதுக்கும் நேரம்: பாட்டா, போட்டியா, ரயிலா?

மாலை ஆறரைக்கு எங்கள் வீட்டு ஹோலைப் பார்ப்பவர்கள், யாரோ சந்தை மூட்டையை அவிழ்த்துக் கொட்டிவிட்டு ஓடிவிட்டார்கள் என்றுதான் நினைப்பார்கள். கொழும்பு வெள்ளவத்தையில் நாலாம் மாடி, இரண்டு அறை, ஒரு ஹோல். மகளுக்கு ஐந்தரை வயது, மகனுக்கு இரண்டே முக்கால். கதிரைக்குக் கீழே கார், கதவு இடுக்கில் கரடி, சாப்பாட்டு மேசையில் பாதியில் நிற்கும் கோபுரம், தரையெங்கும் மரக்கட்டை. காலி வீதி நெரிசலில் ஒரு மணித்தியாலம் நின்று வந்து செருப்பைக் கழற்றினால், வைக்கிற முதல் அடியிலேயே ஏதாவது ஒன்று உள்ளங்காலில் ஏறும்.

இந்த விளையாட்டுச் சாமானை நானே குனிந்து அள்ளினால் நாலு நிமிடத்தில் முடியும். பிள்ளைகளைக் கொண்டு செய்விக்க இருபது நிமிடமும் நல்ல தொண்டையும் வேண்டும். ஏறத்தாழ ஒரு வருடமாக இரண்டாவதைத்தான் செய்து வருகிறோம். பாட்டுப் பாடினோம், போட்டி வைத்தோம், ஸ்டிக்கர் ஒட்டினோம், ரயில் ஓட்டினோம், சேலை விரித்தோம், பெட்டிகளில் படம் கீறினோம், கடைசியில் சாமானில் பாதியைத் தூக்கி அலுமாரிக்கு மேலே வைத்தோம். எதில் தொடங்குவது என்று யோசிக்கிற பெற்றோருக்கு இந்தக் கணக்கு உதவும்.

எது அதிக வேடிக்கை என்பதை நான் அளவுகோலாக எடுக்கவில்லை. முதல் நாளில் எல்லாமே வேடிக்கைதான். பிள்ளைகள் களைத்துச் சிணுங்கும் நாளில், நான் பிந்தி வரும் நாளில், என் அம்மா மட்டும் அவர்களோடு நிற்கும் நாளில் எது மிஞ்சுகிறது என்றுதான் பார்த்தேன்.

முதலில், நாமே அள்ளிவிட்டால் என்ன என்ற கேள்வி. இதை என் கணவரே கேட்டார். வீட்டு வேலைக்கு ஆள் வரும் வீடுகளில் இந்தக் கேள்வியே எழுவதில்லை, பிள்ளை பள்ளிக்கூடம் போய் வரும்போது எல்லாம் தன்பாட்டில் பெட்டிக்குள் போயிருக்கும். ஆனால் பிள்ளைகளுக்கு இந்த வேலையில் உண்மையில் ஆசை உண்டு. வார்னெக்கன், தொமசெல்லோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்றரை வயதுப் பிள்ளைகள் 24 பேர். பெரியவர் ஒருவர் துணி உலர்த்தும் கிளிப்பைத் தவறவிட்டது போல விட்டு, எட்டாமல் கையை நீட்டுவார். உதவி என்று கேட்கவும் இல்லை, பரிசு என்று காட்டவும் இல்லை. 22 பிள்ளைகள் ஒரு தடவையாவது தாமாக எழுந்து போய் உதவினார்கள். என் மகனும் அப்படித்தான், நான் வெங்காயம் உரித்தால் தோலைப் பொறுக்கிக் குப்பை வாளிக்குள் போட ஓடி வருவான். அந்த ஆசையை "விடுங்கோ, நீங்கள் கொட்டிப்போடுவீங்கள், அம்மா செய்யிறன்" என்று சொல்லிச் சொல்லி நாம்தான் வழியனுப்பி வைக்கிறோம். பிறகு எட்டு வயதில் "ஒரு வேலைக்கும் உதவாது இந்தப் பிள்ளை" என்கிறோம்.

கொழும்பில் இதற்கு இன்னொரு அவசரமும் உண்டு, அது பல்கனி. மகன் தன் டிப்பரையும் மணல் வாளியையும் அங்கே விட்டுவிட்டு வந்துவிடுவான். மே மாதம் தென்மேல் பருவமழை தொடங்கினால் ஒரே இரவில் டிப்பர் நிறையத் தண்ணீர். டெங்கு நுளம்புக்கு அது தாராளம். முட்டை நுளம்பாகிப் பறக்க ஒரு கிழமை, மிஞ்சினால் பத்து நாள். பாத்திரத்தின் சுவரில் ஒட்டிய முட்டை காய்ந்துபோனாலும் மாதக்கணக்கில் சாகாது, அதனால் தண்ணீரை ஊற்றினால் மட்டும் போதாது, உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும். எந்த முறையை எடுத்தாலும் சரி, எங்கள் வீட்டில் பல்கனிதான் முதல் இடம். வாளி கவிழ்ந்து நிற்க வேண்டும், டிப்பர் உள்ளே வந்துவிட வேண்டும்.

சரி, பாட்டிலிருந்து தொடங்குகிறேன், நாங்களும் அதில்தான் தொடங்கினோம். யூடியூப்பில் இதற்கென்றே ஆங்கிலப் பாட்டுகள் குவிந்து கிடக்கின்றன. மூன்று நாள் போட்டுப் பார்த்தேன். ஃபோனில் பாட்டு வந்ததும் இருவரும் சாமானை விட்டுவிட்டு ஃபோனுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். பாட்டு முடிந்தாலும் ஃபோன் முடியவில்லை. அதைப் பார்த்துக்கொண்டிருந்த என் அம்மா குசினிக்குள் இருந்தபடியே ஒன்றைக் கட்டிப் பாடினார்:

காரே காரே வீட்டுக்கு வா,
கரடிக் குட்டி கட்டிலுக்கு வா,
பந்தே பந்தே கூடைக்கு வா,
பசிக்குது பிள்ளைக்கு, கெதியா வா!

இதில் ஒரு கெட்டித்தனம் இருக்கிறது, அம்மாவே யோசித்துச் செய்தாரோ தெரியாது. "எல்லாத்தையும் எடுத்து வையுங்கோ" என்றால் இரண்டே முக்கால் வயதுக்கு எங்கே தொடங்குவது என்று விளங்காது. பாட்டு ஒவ்வொரு வரிக்கும் ஒரு சாமானைச் சொல்லி, அது போகவேண்டிய இடத்தையும் சொல்லிவிடுகிறது. கார் முடியும் வரை கார் வரிதான் திரும்பத் திரும்ப வரும். அம்மா சம்பல் இடித்துக்கொண்டே பாடலாம், எழுந்து வரத் தேவையில்லை. மகனுக்கு இன்றும் இது வேலை செய்கிறது. மகளோ மூன்றாம் கிழமையே "அம்மம்மா, நான் பேபி இல்லை" என்று சொல்லிவிட்டு மேசைக்குக் கீழே போய் இருந்துகொண்டாள். மூன்று வயது வரைக்கும் பாட்டுக்கு நிகர் வேறில்லை என்பேன். நான்கு தாண்டினால் அது ஆரம்ப மணி மட்டும்தான்.

அப்புறம் போட்டி. ஃபோனில் ஐந்து நிமிடம் வைத்து, யார் கூடப் பொறுக்குவது என்று பார்த்தோம். முதல் நாள் ஹோல் மூன்றரை நிமிடத்தில் பளிச்சென்று இருந்தது. எனக்கோ பெருமை தாங்கவில்லை. இரண்டு நாள் கழித்து, விழுந்த காதணியைத் தேடிச் சோபாவை நகர்த்தினேன். மகள் அள்ளிய அத்தனையும் அங்கே அடைந்து கிடந்தது, அதோடு ஒரு காய்ந்த இடியப்பத் துண்டும். வெற்றிதான் நோக்கம் என்று நான்தானே சொல்லிக் கொடுத்தேன், அவள் கெதியான வழியைக் கண்டுபிடித்துவிட்டாள். மகன் பாடு இன்னும் மோசம். அக்காவின் பாதி வயது அவனுக்கு, தோற்பது நிச்சயம். நாலாம் நாள் ஃபோனில் மணிக்கூட்டின் படத்தைக் கண்டதுமே அழத் தொடங்கினான்.

போட்டியைக் கைவிடவில்லை, ஆனால் எதிராளியை மாற்றினோம். இப்போது வீட்டுக்காரர் எல்லோரும் ஒரு பக்கம், மணிக்கூடு மறுபக்கம். "பெரிய முள்ளு ஆறில போய் இருக்க முதல் முடிப்பமா?" என்று கேட்டால் மகளுக்கு உசார் வருகிறது, நேரம் பார்க்கவும் பழகுகிறாள். மகனுக்கு ஐந்து நிமிடம் என்பது வெறும் சொல், ஆகவே அவனுக்கு முள் இல்லை, மணல் விழும் கண்ணாடிதான். இன்னொரு மாற்றம், எண்ணிப் பார்ப்பது. தொடங்க முன்னர் ஆளுக்கொரு எண் சொல்ல வேண்டும், தரையில் எத்தனை சாமான் கிடக்கும் என்று. பெட்டிக்குள் போடும்போது எண்ணுவோம். மகள் 30 என்றாள், நான் 50 என்றேன், வந்தது 83. இதில் யாரும் அழுவதில்லை, சோபாவுக்குக் கீழே ஒளித்தால் கணக்குக் குறைந்துவிடும் என்பதால் ஒளிப்பதும் இல்லை. ஒரே வயதில் இரண்டு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் நேருக்கு நேர் போட்டி எடுபடலாம். வயது வித்தியாசம் இருந்தால் வேண்டாம்.

பரிசு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு அட்டவணை, ஒதுக்கினால் ஒரு நட்சத்திர ஸ்டிக்கர், பத்து சேர்ந்தால் ஐஸ்கிரீம். பதினொரு நாள் பிசகாமல் ஓடியது. பன்னிரண்டாம் நாள் மகளிடம் அம்மம்மாவின் கண்ணாடியை எடுத்துவரச் சொன்னேன். "எத்தின ஸ்டிக்கர்?" என்று கேட்டாள். அன்று மாலையே அட்டவணையைக் கழற்றினேன்.

அமெரிக்காவில் லெப்பர், கிறீன், நிஸ்பெற் என்ற மூவர் 1973இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. படம் கீறுவதில் இயல்பாகவே ஆசையுள்ள முன்பள்ளிப் பிள்ளைகளிடம், கீறினால் அழகான சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். ஒன்றிரண்டு கிழமை கழித்துப் பார்த்தபோது அந்தப் பிள்ளைகள் மற்றவர்களில் பாதியளவு நேரம்தான் படம் கீறினார்கள். சொல்லாமல் எதிர்பாராத பரிசாகக் கொடுத்த பிள்ளைகளிடம் அந்தச் சரிவு இல்லை. மேலே சொன்ன வார்னெக்கன் கூட்டணியும் 2008இல் இருபது மாதக் குழந்தைகளிடம் பார்த்தார்கள், உதவிக்குப் பொருள் பரிசு பெற்றவர்கள் பிறகு உதவுவது குறைந்தது. ஒதுக்குவதில் உங்கள் பிள்ளைக்குத் துளியும் ஆசை இல்லையென்றால் பரிசால் இழக்க ஒன்றுமில்லை, ஒரு கிழமை தள்ளிவிட அது உதவலாம். ஆனால் முதல் தெரிவாக எடுக்காதீர்கள்.

பரிசுக்குப் பதிலாக வரிசையைப் பயன்படுத்துவது நல்லது. விருப்பமான வேலையை விருப்பமில்லாத வேலைக்குப் பின்னால் வைத்தால் விருப்பமில்லாததும் நடக்கும் என்று டேவிட் பிரெமாக் என்ற உளவியலாளர் எழுதி வைத்தார், ஆங்கிலத்தில் அதற்குப் பாட்டியின் விதி என்றே பட்டப்பெயர். எங்கள் அம்மம்மாவுக்குப் பிரெமாக் யாரென்று தெரியாது. "முதல் சோறு, பிறகு அப்பளம்" என்று நாற்பது வருடமாகச் சொல்லி வருகிறார். எங்கள் வீட்டில் ஒதுக்கல், குளிப்பு, சாப்பாடு, கதை என்ற வரிசை மாறாது. கதை என்பது ஒதுக்கியதற்குக் கூலி இல்லை, அதற்குப் பிறகு வருவது, அவ்வளவுதான். இரண்டுக்கும் வித்தியாசம் சின்னது போலத் தெரியும், பிள்ளை அதைச் சரியாக மணந்து பிடித்துவிடும்.

இனி எங்கள் வீட்டின் செல்லம், ரயில்.

எங்கள் தொடர்மாடியிலிருந்து ரயில் சத்தம் கேட்கும். மரைன் டிரைவுக்கும் கடலுக்கும் நடுவே தண்டவாளம், பல்கனியில் எட்டி நின்றால் பெட்டிகளின் கூரையும் தெரியும். வாசலில் தொங்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்ப்பது மகனுக்கு அன்றாட வழிபாடு. ஒருநாள் வாழைப்பழம் வந்த மட்டைப்பெட்டி ஒன்றில் ஓட்டை போட்டு, பழைய சேலைக்கரையைக் கயிறாகக் கட்டினேன். பல்கனிக் கதவு கோட்டை ரயில் நிலையம். சோபா கொம்பனித்தெரு. ரீவிக்கு முன்னால் கொள்ளுப்பிட்டி. சாப்பாட்டு மேசை பம்பலப்பிட்டி. பிள்ளைகளின் அறையில் இருக்கும் தட்டு வெள்ளவத்தை, எல்லோரும் இறங்கும் இடம், ஏனென்றால் அதுதான் வீடு.

மகள் நிலைய அதிபர், அறிவிப்பு அவள் பொறுப்பு. மூக்கைப் பொத்திக்கொண்டு, ஒலிபெருக்கி இரைவது போல, "கோட்டையிலிருந்து வெள்ளவத்தை வரை செல்லும் ரயில் முதலாம் மேடையை வந்தடையும்" என்பாள். மகன் கார்ட், கையில் பச்சை நிறப் பாத்திரத் துணி. ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு வகைதான் ஏறலாம். கோட்டையில் வாகனங்கள், கொம்பனித்தெருவில் மிருகங்கள், கொள்ளுப்பிட்டியில் மரக்கட்டைகள். பச்சைத் துணி அசையும் வரை பெட்டி நகராது. கரடி ஏறிப் பெட்டி நிறைந்துவிட்டால் மகள் பஸ் கொண்டக்டராக மாறி, 100ஆம் இலக்க பஸ்ஸில் கேட்ட அதே குரலில் "இஸ்ஸரஹட்ட யன்ன, இஸ்ஸரஹட்ட யன்ன" என்று சிங்களத்தில் சொல்லிக் கரடியின் முதுகில் கை வைத்து அமத்துவாள். முன்னுக்குப் போகச் சொல்கிறாளாம், கரடி எங்கே போகும்? உண்மையான ரயில் கடந்து போனால் எங்கள் ரயிலும் நின்று ஹோர்ன் அடிக்க வேண்டும், அது மகன் போட்ட சட்டம்.

இதில் ஒளிந்திருக்கும் வேலை என்னவென்றால், வகை பிரிப்பது. பெட்டி வெள்ளவத்தைக்கு வரும்போது சாமான் ஏற்கெனவே அடுக்கடுக்காக இருக்கும், தட்டில் இறக்குவது சுலபம். பெரிய பிள்ளைக்குக் கட்டளையிடும் பதவி, சின்னப் பிள்ளைக்குக் கொடி, இருவருக்கும் வேறு வேறு வேலை என்பதால் சண்டை குறைவு. மற்ற எல்லா முறையிலும் நான் தள்ளிவிட வேண்டும், இதில் அவர்கள் என்னை இழுப்பார்கள்.

ஆனால் குறை இல்லாமல் இல்லை. நேரம் பிடிக்கும். நிலையத்தில் ஏறிய யானை இறங்கி நடக்கும், அதற்குப் பின்னால் ஒரு கதை கிளம்பும், ஏழரை ஆகிவிடும், சோறு ஆறிவிடும். பெரியவர் ஒருவர் தினமும் உற்சாகமாக இருந்தே ஆக வேண்டும். அலுவலகத்தில் மாத முடிவுக் கணக்கு முடித்து வந்த நாளில் எனக்கு ரயிலும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம். பிறகு ஒருநாள் மகள் சோபாவில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு, "இண்டைக்கு ஸ்ட்ரைக்" என்று அறிவித்தாள். இந்த ஊரில் வளரும் பிள்ளைக்கு அது தெரியாமல் இருக்குமா? கோரிக்கை என்ன என்று கேட்டேன். முறுக்கு.

சேலை விரிக்கும் முறை இதற்கு நேரெதிர். அம்மாவின் பழைய நூல் சேலையை இரண்டாக மடித்துத் தரையில் விரித்து, அதன்மேல் மட்டும் விளையாட வேண்டும். முடிந்ததும் நாலு மூலையையும் சேர்த்துத் தூக்கினால் மூட்டை. ஒரு நிமிடம்கூட ஆகாது. கீழே பாதுகாப்பு ஊழியரிடமிருந்து ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்று அழைப்பு வந்து, லிஃப்ட் நாலாம் மாடிக்கு வருவதற்குள் ஹோல் ஒதுக்க வேண்டுமென்றால் இதை வெல்ல எதுவும் இல்லை. லெகோ போன்ற பொடிச் சாமானுக்கு அருமை. ஆனால் எல்லாவற்றையும் இப்படியே மூட்டை கட்டினால் கிழமை முடிவில் படம் பொருத்தும் விளையாட்டின் துண்டும், பென்சில் துருவலும், சமையல் செட்டின் கரண்டியும் ஒன்றாகக் கிடக்கும். இரண்டு துண்டு குறைந்த படத்தைப் பிள்ளை மறுபடி தொடாது. எங்களிடம் இப்போது சேலை லெகோவுக்கு மட்டும்.

லெகோ என்றதும் ஒன்று சொல்லிவிட வேண்டும். மூன்று வயதுக்குக் கீழ் பிள்ளை இருக்கும் வீட்டில் பொடித் துண்டு எடுத்து வைக்கும் வேலையைச் சின்னவரிடம் விடவே கூடாது. பொம்மைகளைச் சோதிக்கும் நியமப்படி, 31.7 மில்லிமீற்றர் விட்டமுள்ள குழாய்க்குள் முழுதாக அடங்கும் எதுவும் சின்னப் பிள்ளையின் தொண்டையில் சிக்கக்கூடியது. வீட்டில் அந்தக் குழாய் இல்லை, கழிவறைக் கடதாசியின் நடுக்குழல் போதும். அது கொஞ்சம் பெரிது, ஆகவே அதற்குள் விழும் எதையும் மேல் தட்டுக்கு அனுப்பினால் பிழை வராது. பொத்தான் பற்றரி போடும் பொம்மையின் மூடி திருகாணியால் இறுகியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், விழுங்கினால் உணவுக்குழாயை எரித்துவிடும்.

அடுத்தது, எதற்குள் போடுவது? ஒரே பெரிய கூடையா, பல சின்னப் பெட்டிகளா? கூடை என்றால் ஒன்றரை வயதும் போடும். ஆனால் அடியில் கிடக்கும் காரை எடுக்க மறுநாள் காலை முழுக் கூடையையும் கவிழ்ப்பார்கள், மாலைக்கு வேலை இரட்டிப்பு. அழகான மூடி வைத்த மரப்பெட்டி வாங்க ஆசைப்பட்டேன். பாரமான மூடி விரலிலோ கழுத்திலோ விழுந்தால் என்னாகும் என்று நினைத்ததும் ஆசை போய்விட்டது. மூடியில்லாத பிளாஸ்டிக் கூடைகள் புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களில் அடுக்கடுக்காகத் தொங்குகின்றன. எங்கள் வீட்டில் அதுவும் இரண்டுதான், மிச்சமெல்லாம் ஐஸ்கிரீம் பெட்டியும் பால்மா டின்னும்.

பெட்டிக்கு வெளியே படம் வேண்டும், எழுத்து வாசிக்காத பிள்ளைக்கு அதுதான் பெயர்ப்பலகை. ஃபோனில் படம் பிடித்துக் கீழே கொமியூனிகேஷன் கடையில் கலரில் அடித்து ஒட்டினேன். வடிவாக இருந்தது, ஒருவரும் கவனிக்கவில்லை. பிறகு மகளே கீறி ஒட்டினாள். அவள் கீறிய யானைக்கு ஆறு கால். ஆனால் அந்தப் பெட்டிக்குள் வேறு மிருகம் போனால் வீடு இரண்டுபடும், அவ்வளவு காவல்.

மகளின் முன்பள்ளியில் நான் ஒருநாள் எட்டிப் பார்த்தேன். பதினைந்து பிள்ளைகள், தரையில் ஒரு சாமானும் இல்லை. வீட்டில் சோபாவுக்கடியில் அள்ளித் தள்ளும் அதே பிள்ளை அங்கே பாயைச் சுருட்டிக் கொண்டுபோய் மூலையில் நிறுத்துகிறாள். கொழும்பில் எந்த ஒழுங்கையில் திரும்பினாலும் மொண்டிசூரி என்று ஒரு பலகை தொங்கும். அந்தப் பெயருக்குரிய மரியா மொண்டிசூரி 1907இல் ரோம் நகரத்தில் முதல் பிள்ளைகள் இல்லத்தைத் தொடங்கியவர், இந்தியாவில் இருந்த காலத்தில் 1944இல் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவருடைய ஏற்பாட்டில் பாட்டும் இல்லை, போட்டியும் இல்லை. பிள்ளையின் கைக்கு எட்டும் தாழ்வான தட்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு இடம். ஆளுக்கொரு பாய், வேலை அதற்குள்ளேதான். எடுத்ததை வைத்த பிறகுதான் அடுத்தது. கடைசியில் ஒதுக்குவதற்கென்று ஒரு நேரமே அங்கே இல்லை, ஏனென்றால் குவியவே விடுவதில்லை.

வீட்டிலும் அப்படியே செய்யலாமா? கொஞ்சம்தான் முடியும். சமையல் செட்டின் தேநீரைக் கரடி குடிக்க வேண்டும், கரடியைக் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், வீட்டு விளையாட்டு அப்படிக் கலந்துதான் ஓடும். ஒன்றை வைத்துவிட்டுத்தான் மற்றதை எடு என்று காவல் நின்றால் அந்தக் கதை செத்துவிடும். நாங்கள் எடுத்துக்கொண்டது இரண்டு. ஒன்று தாழ்வான தட்டு, மற்றது பாய். கிழக்கு மாகாணத்துப் புற்பாய் ஒன்று இருந்தது, விளையாட்டு அந்தப் பாயின் எல்லைக்குள். எல்லை தாண்டும்தான், ஆனாலும் முன்பு வீடு முழுக்க இறைந்தது இப்போது பாயைச் சுற்றி ஒரு முழம்.

இவ்வளவும் செய்த பிறகும் ரயிலுக்கு இருபது நிமிடம் பிடித்தது. ஏன் என்று பார்த்தால், பயணிகள் அதிகம். அந்த 83ஐ நினைத்துப் பாருங்கள்.

வெள்ளவத்தைத் தமிழ் வீடுகளுக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிற கனடாச் சித்தியும் லண்டன் மாமாவும் யாழ்ப்பாணம் போகுமுன் எங்களோடு இரண்டு நாள் தங்குவார்கள். சூட்கேசைத் திறந்தால் சொக்லேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பொம்மை, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. என் அம்மா இதைப் பார்த்துச் சிரிப்பார். அவருடைய சின்ன வயதில் பனங்காய் வண்டிலும் சிரட்டையும் புளியங்கொட்டையும்தானாம். "நாங்கள் ஒதுக்கி வைச்சதில்லை பிள்ளை, முத்தம் இருந்தது, அங்கயே கிடந்தது." நாலாம் மாடியில் முற்றம் இல்லை.

அமெரிக்காவில் தொலேடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 36 சின்னப் பிள்ளைகளை ஒருமுறை 4 பொம்மையோடும் ஒருமுறை 16 பொம்மையோடும் விளையாட விட்டுப் பார்த்தார்கள், 2018இல் வெளிவந்தது. நாலு இருந்தபோது ஒவ்வொன்றோடும் கூட நேரம் இருந்து, கூட விதமாக விளையாடினார்கள். அதைப் படித்த கிழமையே மூன்று பெட்டி கட்டி அலுமாரிக்கு மேலே ஏற்றினோம். எப்போது இறக்குவது என்று பிள்ளைகள் கேட்டபோது, போயா, அதாவது பௌர்ணமி நாள், என்று சொன்னேன். மாதத்துக்கு ஒரு நாள், வீட்டில் எல்லோருக்கும் விடுமுறை, நிலா முழுதாகிவிட்டதா என்று பல்கனியில் நின்று அவர்களே பார்த்துக்கொள்ளலாம், கலண்டர் தேவையில்லை. போயாவன்று ஒரு பெட்டி இறங்கும், ஒரு பெட்டி ஏறும். எதை ஏற்றுவது என்பதை அவர்கள்தான் தீர்மானிப்பார்கள். இறங்குவது பழைய சாமானாக இருந்தாலும் வெளிநாட்டிலிருந்து வந்தது போல ஒரு வரவேற்பு.

இதற்குப் பிறகு தரையில் கிடப்பது முப்பதுக்குள். ரயில் எட்டு நிமிடத்தில் வெள்ளவத்தைக்கு வந்துவிடுகிறது. ரயிலின் குறை என்று நான் மேலே எழுதியவற்றில் பாதி உண்மையில் சாமானின் குறை.

ஆகவே ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்கிறவர்களுக்கு என் பதில், சாமானைக் குறையுங்கள். அதற்குப் பாட்டும் தேவையில்லை, பெரியவரின் உற்சாகமும் தேவையில்லை, ஒரு விடுமுறைக் காலை போதும். இரண்டாவதும் முடியுமென்றால் தாழ்வான தட்டும் பாயும். விளையாட்டு அதற்கு மேல்தான் வரும், அது பிள்ளையைப் பொறுத்தது. மூன்றுக்குக் கீழே என்றால் பாட்டும் ஒரு கூடையும். மூன்றிலிருந்து ஐந்து வரை ஏதாவது வேடம், எங்களுக்கு ரயில், உங்கள் பிள்ளைக்குக் குப்பை லொறியோ மீன் வண்டியோ, அது எதன் பின்னால் ஓடுகிறதோ அது. ஐந்தைத் தாண்டினால் எண்ணிக்கை, மணிக்கூடு, தன் கையால் கீறிய பெட்டி. வேலைக்குப் போகும் பெற்றோர், பாட்டியோடு பிள்ளை நிற்கும் வீடு என்றால் பாட்டிக்கு எது இலகுவோ அதை முதலில் பாருங்கள், உங்களுக்கு எது பிடிக்கும் என்பதை அல்ல. இந்தப் பிழையை நான் மூன்று மாதம் செய்தேன். என் அம்மாவுக்கு முழங்கால் வலி, அவர் எப்படி ஐந்து நிலையமும் குனிந்து இழுப்பார்?

இப்போது நான் பிந்தி வரும் நாட்களில் அம்மம்மா ஓட்டுவது எக்ஸ்பிரஸ். அவர் கதிரையை விட்டு எழும்ப மாட்டார். சேலைக்கரையின் ஒரு நுனி அவர் கையில், பெட்டி பல்கனிக் கதவடியில். மகன் பாத்திரத் துணியை ஆட்டியதும் "காரே காரே வீட்டுக்கு வா" என்று தொடங்குவார், இருவரும் கிடைத்ததை எல்லாம் பெட்டிக்குள் போடுவார்கள், அவர் இருந்த இடத்திலிருந்தே கயிற்றை இழுப்பார். கொம்பனித்தெருவில் நிற்காது, கொள்ளுப்பிட்டியில் நிற்காது. வகை பிரிப்பதெல்லாம் கிடையாது. போன வெள்ளிக்கிழமை நான் கதவைத் திறந்தபோது பெட்டி பம்பலப்பிட்டியில் மேசைக் காலில் மாட்டிக்கொண்டு நின்றது, மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு தாமதத்துக்கு வருந்துவதாக அறிவித்துக்கொண்டிருந்தாள்.